சிலுவை நின்ற வளைவு

ஆஸ்கலவா,
ஜூன் 11

டோனாத்,

"அன்புள்ள" என்று தொடங்க மனம் வரவில்லை, அதனால் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அதை எடுத்துவிடும் உத்தேசமும் இப்போதைக்கு இல்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடம் இருவரும் கத்துவோம். எழுதும்போது கத்த முடியாது, அந்த மட்டில் தபால் நல்லது.

விஷயம் இதுதான். சாலையில் லிண்டன் மர வளைவில் நின்ற நம் சிலுவை போய்விட்டது. சோவியத் காலத்தில் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்து, பிறகு ஊரே கூடி மறுபடி நட்ட அதே சிலுவை. போன மாதம் முழுவதும் அதன் கீழே நின்றுதான் நாங்கள் மே மாத மாதா பாட்டுகளைப் பாடினோம். பாடகர் குழுவை நான் நடத்துகிறேன், கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துக்கொள்கிறேன், உனக்குத் தெரியாததா. திங்கட்கிழமை விடிந்து சற்று நேரத்தில் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல மூடுபனி. போர்ப் பயிற்சிக்கு வந்த உங்கள் ராணுவக் கூட்டணியின் லாரி ஒன்று வளைவில் திரும்பத் தெரியாமல் பின்பக்கமாக வந்து சிலுவையை இடித்தது. என் கண்ணெதிரே நடந்தது.

ஓட்டிவந்தவன் சின்னப் பையன். இறங்கித் தொப்பியைக் கழற்றினான். உடைந்த சிலுவையைத் தூக்கி லிண்டன் மரத்தில் சாய்த்துவைத்தான். என்னிடம் அவன் மொழியில் ஏதோ சொன்னான், மன்னிப்புக் கேட்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு வேறு வண்டி வந்து, உடைந்த மரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதை ஏன் எடுத்துப் போனார்கள் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சாயங்காலம் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனால் கெனவெபா போனை நீட்டுகிறாள். சிப்பாய்கள் கோடாலியோடு நிற்கும் படம்.

"சிரிச்சுக்கிட்டே வெட்டினாங்களாம், அனெலே. அடுத்தது கல்லறைத் தோட்டமாம்."

நான் பார்த்தேன், லாரி இடித்தது, அவ்வளவுதான் என்றேன்.

"நீ ஒருத்தி பாத்தே. படத்தை ஊரே பாத்துடுச்சு. அதுவும் இல்லாம, உன் தம்பி அவங்ககிட்ட சம்பளம் வாங்குறான். நீ வேற எப்படிச் சொல்வே?"

அவள் கெட்டவள் இல்லை. மீதிச் சில்லறையோடு ஒரு கட்டு சதகுப்பைக் கீரையும் சும்மா கொடுத்துத்தான் அனுப்பினாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பொய்ச் செய்தியை முறியடிப்பதுதானே ரீகாவில் உன் வேலை. அப்படியானால் ஒன்று செய். எங்கள் வண்டிதான் இடித்தது, வருந்துகிறோம், சிலுவையைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லச் சொல். இன்றே சொல்லச் சொல்.

அனெலே


ரீகா,
ஜூன் 17

அன்புள்ள அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

நீ எழுதியதை அப்படியே என் மேலதிகாரி ஹெல்வியிடம் படித்துக் காட்டினேன். நல்ல பெண்மணி, எஸ்தோனியாக்காரர், இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறார். கேட்டுவிட்டு, "நடந்தது நிஜம்தான். ஆனா விசாரணை முடியட்டும்" என்றார். உனக்குக் கோபம் வரும், தெரியும். இங்குள்ள சிக்கலைக் கொஞ்சம் கேள். ஓட்டிய பையன் ஒரு நாடு, சாலை நம் நாடு, பயிற்சியை நடத்தும் தளபதி இன்னொரு நாடு. மூன்று தலைநகரங்களும் ஒரே வாக்கியத்துக்குச் சம்மதிக்க வேண்டும். ஒருவர் "வருந்துகிறோம்" என்ற சொல்லை அடிக்கிறார், இன்னொருவர் "விபத்து" என்ற சொல்லைச் சட்டத்துறைக்கு அனுப்புகிறார். உடைந்த மரமும் விசாரணைப் பொருளாகக் கிடங்கில் கிடக்கிறது. ஜனநாயக நாடுகள் சேர்ந்து செய்யும் காரியம் இப்படித்தான் நகரும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவன் சொன்னால் போதும், மறுகேள்வி கிடையாது.

ஆனால் நாங்கள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கோடாலிப் படம் வேறொரு நாட்டில் பல வருடம் முன்பு எடுத்தது. சட்டைக் கையிலுள்ள சின்னத்தை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் தளத்தில் முதலில் வந்தது, எந்தக் கணக்குகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடின, எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடித்துவிட்டோம். படம் பொய் என்று வெளியிட்டாயிற்று. ரேடியோவில் நானே இருபது நிமிடம் பேசினேன். கேட்டாயா? என் குரல் நன்றாக இருந்ததாக அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள்.

நீ மட்டும் கொஞ்ச நாள் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதே. ஒரு சாட்சி முந்திக்கொண்டு பேசினால் விசாரணைக்குச் சிக்கல் என்கிறார்கள். எனக்கும் அது முழுக்கச் சரியாகப் படவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இரவில் கதவைப் பூட்டிக்கொள்.

உன் தம்பி,
டோனாத்


ஆஸ்கலவா,
ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

பார்த்தாயா, இந்த முறை "அன்புள்ள" தானாக வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து மனசு லேசாக இருக்கிறது. புது எண்ணாக இருந்ததால் எடுத்தேன். நீ என்று தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன், அலுவலக எண்ணிலிருந்து பேசியது உன் சாமர்த்தியம்.

முதலில் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். படம் பொய் என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். சரி, பொய்தான். ஆனால் வளைவு வழியாகப் போகிற ஒவ்வொருவனும் அங்கே சிலுவை இல்லாததைப் பார்க்கிறான். படம் பொய்யென்றால் சிலுவை எங்கே என்று கேட்கிறான். அதற்கு நீங்கள் வாயே திறக்கவில்லை. நானும் உன் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த இடைவெளியில் என்னென்னவோ வந்து குடியேறிவிட்டது. சிலுவையை விறகாக எரித்தார்களாம், பாதிரியாருக்குப் பணம் கொடுத்துவிட்டார்களாம். கெனவெபா இப்போது சிப்பாய்களுக்குத் தண்ணீர் பாட்டில்கூட விற்பதில்லை.

இனி போன் விஷயம். நீ அதிகம் பேசவில்லை, நான்தான் கொட்டித் தீர்த்தேன். கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேஜையில், எல்லைக்கு அந்தப் பக்கத்து டிவி செய்தியைச் சொன்னார் என்று என் புருஷன் அர்செனியைப் பார்த்து நீ "எதிரியோட வாய்" என்று சொன்னது, அவர் கோட்டுகூடப் போடாமல் பனியில் இறங்கிப் போனது, நான் லாந்தரோடு ஏரிக்கரை வரை தேடிப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாய். கடைசியில், "அத்தான் நல்லா இருக்காராக்கா?" என்றாய். அந்த ஒரு கேள்விக்காக உன்னை முக்கால்வாசி மன்னித்துவிட்டேன்.

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். செத்தவர்களுக்காக ஊரே கூடும் கல்லறைப் பெருநாள் அன்றைக்கே தோட்டத்துக்குள் வண்டிகளை விடப்போகிறார்கள், பயிற்சிக்கு அதுதான் வழியாம், நான் சொன்னதாகச் சொல்லாமல் ஊரை உஷார்ப்படுத்து என்றாயே. பாடகர் குழுவில் சொன்னேன். யார் சொன்னது என்று துளைத்தார்கள். உன் பெயரைச் சொல்லவேண்டியதாகிவிட்டது. சிலுவையை லாரி இடித்தது என்றபோது என்னை நம்பாதவர்கள் இதை உடனே நம்பினார்கள். அவர்கள் ஆளே சொல்கிறான், பிறகென்ன.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அர்செனியின் அண்ணன் மகன் ஸ்டெபானும் வேட்டைக்காரர்கள் நாலைந்து பேரும் பெருநாள் காலையில் தோட்ட வாசலில் துப்பாக்கியோடு உட்காரப்போகிறார்கள். "நம்ம செத்தவங்க மேல ஏறிப் போகணும்னா முதல்ல நம்மள ஏறிப் போகட்டும்" என்கிறான். அவன் வாய்ப்பேச்சுக்காரன் இல்லை. நீ எப்படியாவது அந்த வண்டிகளை நிறுத்து.

ஒன்று சொல்ல மறந்தேன். நீ விசாரித்ததை அர்செனியிடம் சொன்னேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. "என்னைக் கேட்டானா? அப்போ அது உன் தம்பி இல்ல" என்று சிரித்தார். மனுஷருக்கு இன்னும் வருத்தம் போகவில்லை.

அக்கா


ரீகா,
ஜூலை 3

அக்கா,

நான் உனக்குப் போன் செய்யவில்லை.

இதை மூன்று தரம் படி. ஞாயிற்றுக்கிழமை மட்டுமில்லை, கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஒருநாளும் செய்யவில்லை. நீ எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று தெரிந்ததும் எனக்கும் வீம்பு. கூட்டணி வண்டி எதுவும் கல்லறைத் தோட்டத்துக்குள் போவதாக எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் பெருநாள் காலையில் தோட்ட வாசலைத் தாண்டும் சாலையில் ஒரு வண்டி வரிசை போவதாக இருந்தது நிஜம். அது எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் துப்பாக்கியோடு நம் ஆட்கள், எதிரே துப்பாக்கியோடு வரும் வெளிநாட்டு ஆட்கள். ஒரே ஒரு குண்டு போதும் அந்தப் பக்கத்துக்கு. அதற்காகத்தான் இத்தனையும்.

கணினியில் போலியாகச் செய்ய என் குரல் எங்கே கிடைத்தது என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது. பொய்க்குரல்களை நம்பாதீர்கள் என்று ரேடியோவில் இருபது நிமிடம் பேசினேனே, அதிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். ஊர் யாரை நம்பும் என்று பார்த்திருக்கிறார்கள். உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஹெல்வியின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தேன். படம் பொய் என்று நிரூபிக்க நமக்கு ஒரு நாள் ஆனது, நம்மைப் பற்றிய ஒரு சின்ன நிஜத்தைச் சொல்ல மூன்று வாரமாகியும் முடியவில்லை, பொய் பரப்புகிறவர்கள் அந்த மூன்று வாரத்துக்குள்தான் வாழ்கிறார்கள் என்று கத்தினேன். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பிறகு தளபதியிடம் தானே பேசினார். மூன்று தலைநகரமும் அந்த வாக்கியத்தை எழுதி முடிக்கட்டும், நாம் காத்திருக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. வண்டி வரிசை ரத்து. தளபதியும் அந்த ஓட்டுநர்ப் பையனும் ஆயுதமில்லாமல், நடந்து, பெருநாளுக்கு வருவார்கள். பையன் தன் வாயால் சொல்வான். சிலுவையும் வரும். காவல்துறைக்கும் சொல்லியாயிற்று.

நான் வர முடியாது. இந்தக் குரல் விஷயத்து விசாரணை முடியும் வரை நான் ரீகாவை விட்டு நகரக் கூடாது. அது இல்லாவிட்டாலும், "உன் குரல் சொன்னதை உன் குரலே வந்து மறுத்தா யார் நம்புவாங்க?" என்று ஹெல்வி கேட்டார். இனி நான் எங்கே பேசினாலும், இது அவனா, அதுவா என்றுதான் கேட்பார்கள். பிழைப்பே போய்விட்டது என்று வைத்துக்கொள்.

அதனால் பாரம் உன் தலையில் விழுகிறது. நீ சொன்ன பொய்யை நீதான் திரும்ப எடுக்க முடியும். ஜெபம் தொடங்கும் முன் எல்லோர் எதிரிலும் நீ ஏமாந்ததைச் சொல்ல வேண்டும். உன் பெயருக்கு அடி விழும், அதை மறைக்கவில்லை. இன்னொன்றும் சொல். இன்று இங்கே யாராவது ஒரு படம் எடுப்பார்கள், பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பரப்புவார்கள், சாயங்காலம் வரும் பாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. வந்த பிறகு மறுப்பதைவிட, வரும் முன்பே சொல்வது ஆயிரம் மடங்கு மேல். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

தபாலை நம்பாமல் பஸ் டிரைவர் ஸிக்மண்ட் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வீட்டுக்காரர் வலை தைத்துக்கொண்டே கண்டுபிடித்தது சரி. எங்கள் கருவிகளுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பஸ் கிளம்பப் போகிறது.

டோனாத்


ஆஸ்கலவா,
ஜூலை 12

டோனாத்,

யாரும் சாகவில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ நிம்மதியாக மூச்சு விடு.

உன் கடிதத்தை ஸிக்மண்ட் கொடுத்தபோது நான் தோட்டத்தில் கல்லறைகளின் மேல் மணலைப் பல் வைத்த வாரியால் கோடு விழ வாரிக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. என் வீட்டுச் சண்டை முழுவதையும் யாரோ ஒருவனிடம், அல்லது ஏதோ ஒன்றிடம், அழுது அழுது சொல்லியிருக்கிறேன். அது பொறுமையாகக் கேட்டிருக்கிறது.

பெருநாள் அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள்கூட வந்திருந்தார்கள். ஸ்டெபானும் மற்றவர்களும் சொன்னபடியே வாசலில் இருந்தார்கள். காவல்துறை எதிர்ச் சாரியில் நின்றதே தவிர, கிட்டே வரவில்லை. பாதிரியார் மணியில் கை வைத்ததும் நான் கையைத் தூக்கினேன்.

"நான் ஏமாந்துட்டேன். என் தம்பி குரல்ல யாரோ பேசினாங்க, நம்பிட்டேன். உங்களையும் நம்ப வச்சுட்டேன். எந்த வண்டியும் இங்க வராது" என்றேன். லாரி இடித்ததைப் பார்த்தவள் நான்தான் என்பதையும் திரும்பச் சொன்னேன். நீ எழுதியபடி படத்தைப் பற்றியும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு கிழவர், "அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா?" என்றார். அந்தக் கேள்வியை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். பதினெட்டு வருடமாக இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். தளபதி, அந்தப் பையன், மொழிபெயர்க்க ஒரு பெண். பையனும் தளபதியும் சிலுவையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். ஸ்டெபான் எழுந்தான், துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது. தளபதி நின்றுவிட்டார். பையனுக்கு எதுவும் தெரியவில்லை, என்னை அடையாளம் கண்டுகொண்டான். தெரிந்த முகம் என்று, சிலுவையைக் கீழே இறக்கிவிட்டு, நேரே என்னிடம் வந்தான். நம் அப்பா அம்மா கல்லறையின் மேல் ஏறி வந்தான்.

அன்று விடியலில் நான் வாரி வைத்த மணல். கோடு கலையாமல் கிடந்தது. அவன் பூட்ஸ் ஒவ்வொன்றாகப் பதிந்தது. நம் ஊரில் குழந்தைகூட அதைச் செய்யாது. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. போன்கள் உயர்ந்தன. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

என்ன தோன்றியதோ, கையிலிருந்த மணல்வாரியை அவனிடம் நீட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், தன் தடத்தைக் கண்டான், முகம் வெளுத்துப்போனது. வாரியை வாங்கி மணலைச் சரிசெய்யத் தொடங்கினான். முன்னோக்கி வாரிக்கொண்டே போனான், வாரிய இடத்தையே மறுபடி மிதித்தான். திரும்பிப் பார்த்தான், மறுபடி தடம். மறுபடி வாரினான். கெனவெபாதான் முதலில் சிரித்தாள். அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று. ஸ்டெபான் துப்பாக்கியைச் சித்தப்பாவிடம், அதாவது அர்செனியிடம், கொடுத்துவிட்டு வந்தான்.

"பின்னாடி நடடா. பின்னாடி நடந்துக்கிட்டே வாரு. இதுகூடவா தெரியாது?"

மொழிபெயர்க்கும் பெண்ணுக்கு வேலையே இல்லை. ஸ்டெபான் அவன் தோளைப் பிடித்துப் பின்னால் நடத்திக்கொண்டுபோனான். மணல் சுத்தமாயிற்று. அதற்குப் பிறகு பையன் சொன்னதை எல்லோரும் கேட்டார்கள். பனியில் வளைவு தெரியவில்லை, நான்தான் இடித்தேன், உடனே சொல்ல விரும்பினேன், விடவில்லை என்றான். அந்தக் கடைசி வார்த்தையில் தளபதி தலையைக் குனிந்துகொண்டார். சிலுவையைத் தச்சரிடம் கொடுத்திருக்கிறோம்.

நீ சொன்ன படம் சாயங்காலமே வந்துவிட்டது. பூட்ஸ், மணல், அப்பாவின் பெயர் பொறித்த கல். வாரி இல்லை, ஸ்டெபான் இல்லை. கெனவெபா கடையில் போனைத் தூக்கிக் காட்டி, "வந்துடுச்சு பாரு, அனெலே சொன்னது" என்று சொல்லிச் சொல்லி ரொட்டி விற்றாளாம். ஊருக்குள் அது எடுபடவில்லை. ஊருக்கு வெளியே லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று ஸிக்மண்ட் சொல்கிறார். நாங்கள் தோட்டத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? படத்தை எடுத்தவனும் எங்களுக்குள்தான் நின்றிருக்கிறான். பாடகர் குழுவில் இப்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம், பாட்டு சேரவில்லை. கிழவர் இன்னும் என்னிடம் பேசவில்லை.

எழுத வந்தது இதெல்லாம் இல்லை.

நேற்று மாலை போன் வந்தது. தெரியாத எண். எடுத்திருக்கக் கூடாது, எடுத்தேன். உன் குரல். நீயில்லை என்று முதல் சொல்லிலேயே தெரியும். அது அழுதது. "அன்னிக்கு அத்தானை அப்படிப் பேசியிருக்கக் கூடாதுக்கா. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. என்னை மன்னிச்சிடு" என்றது. என்னிடமிருந்து பிடுங்கியதை வைத்தே பேசியது. ஒரு சொல்கூட மாற்றவேண்டாம், அவ்வளவு சரியாக இருந்தது. உன் இரண்டு கடிதத்தையும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் நீ அனுப்பிய அந்த வாழ்த்து அட்டையையும் எடுத்துவைத்துத் தேடிப் பார்த்தேன். எதிலும் அது இல்லை.

போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, கடைசி வரை கேட்டேன். அர்செனி எதிரில் உட்கார்ந்திருந்தார். யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மறுபடியும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறது.

விசாரணை முடியட்டும், முடியாமல் போகட்டும். நீ வா. எழுதாதே, போன் செய்யாதே. எங்கள் வாசலில் வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்து, உன் வாயால் சொல். அது மறுபடி கூப்பிட்டால் நான் எடுக்கமாட்டேன் என்று உனக்கு என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

அக்கா